ஆறாவது முகம்

பெறுபேறு வருவதற்கு ஒரு மாதம் முன்பே நாங்கள் வாழ்த்துப் பனர் செய்து வைத்துவிடுவோம். வெளியூர் ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பரீட்சை எழுதிய பிள்ளைக்கே தன் முடிவு தெரியாது. ஆனால் என் கணனிக்குள் அந்தப் பிள்ளை பூமாலைக்கும் பொன்னிற எழுத்துக்கும் நடுவில் சிரித்துக்கொண்டிருக்கும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. திருகோணமலையில் ரியூசன் நிலையங்களுக்குள் ஒரு ஓட்டப்பந்தயம் இருக்கிறது. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பெறுபேறு இணையத்தில் வந்த மறுநாள் காலை எந்த ரியூசனின் பனர் சந்தியில் முதலில் தொங்குகிறதோ, அடுத்த வருடத்துப் பிள்ளைகள் அங்கேதான் போவார்கள் என்று ரியூசன் நடத்துகிற சேர்மார் நம்புகிறார்கள். அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகளின் படங்களை முன்கூட்டியே வாங்கி அடுக்கி, எல்லா முகத்துக்கும் கீழே ஒன்பது பாடத்துக்கும் சேர்த்து ‘ஒன்பது ஏ’ என்று அடித்து வைப்பது. முடிவு வந்ததும் எட்டு எடுத்த பிள்ளைக்கு எட்டு என்று மாற்றுவது, சறுக்கிய பிள்ளையை எடுத்துவிடுவது, அச்சகத்துக்கு அனுப்புவது. அவ்வளவுதான் வேலை.

சறுக்கிய பிள்ளையை எடுத்துவிடுவது என்று எழுதும்போது இப்போது கை கொஞ்சம் நிற்கிறது. அத்தனை வருடமும் நிற்கவில்லை.

என் கடை பஸ் நிலையத்திலிருந்து உள்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. போட்டோகொப்பி, தட்டச்சு, அடையாள அட்டைப் படம், கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பனர். இதில் எதையும் நான் ஒருவரிடம் போய்ப் படித்ததில்லை. பார்த்துப் பார்த்து, பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பிடித்துக்கொண்டது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோயிற்று. சாதாரண தரம் எழுதவே இல்லை. அதனால் எனக்கென்று எந்த எழுத்தும் கிடையாது. கெட்டிக்காரருக்கு விழும் ஏயும் இல்லை, தவறியவருக்கு விழும் டபிள்யூவும் இல்லை. யாராவது படிவத்தில் ‘கல்வித் தகைமை’ என்று கேட்டிருந்தால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

அந்தக் கோட்டை நிரப்பும் ஆசைதான் என் மகளிடம் வந்து நின்றிருக்க வேண்டும். அந்த வருடம் அவளும் பரீட்சை எழுதியிருந்தாள். அவள் படித்த ரியூசனின் பனரைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். சேர் ஐந்து பிள்ளைகளின் படங்களை அனுப்பிவிட்டு, “அக்கா, உங்கட மகளையும் ஆறாவதாப் போடுங்கோ, அவவுக்கு வரும்” என்றார். அவர் நல்ல மனுசன்தான். ஆனால் அவர் எல்லாத் தாய்மாருக்கும் அப்படித்தான் சொல்லுவார். எனக்கு அது தெரியும். தவணைப் பரீட்சை அறிக்கையில் கணக்குக்கு நேரே இருந்த புள்ளியும் தெரியும், கையெழுத்து வைத்ததே நான்தானே. இரண்டு வருடம் முன்பே மகள் இரண்டு தரம் என்னிடம் வந்து, கணக்கு விளங்கவில்லை, வகுப்பில் மற்றவர்களோடு ஓட முடியவில்லை என்று சொன்னாள். எல்லாம் வந்துவிடும் என்று நான் தலையைத் தடவி அனுப்பிவிட்டேன். இதெல்லாம் தெரிந்தும், அவளுடைய நீல உடுப்புப் படத்தை எடுத்து ஆறாவது வட்டத்துக்குள் போட்டேன். மேல்வரிசையில் மூன்று முகம், கீழ்வரிசையில் மூன்று முகம். வடிவாக அமைந்துவிட்டது.

ஒரு மாதம் அது என் திரையில் கிடந்தது. காலையில் கணனியைப் போட்டதும் ஒருமுறை திறந்து பார்ப்பேன். வேறு வேலை ஒன்றுமில்லை, சும்மா பார்ப்பதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கிற நேரத்தில் பெறுபேறு வந்துவிட்டது என்று கதை பரவியது. இணையத்தளம் வழக்கம்போல் திறக்கவில்லை. கடை வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அதிலேயே பார்க்கலாம். ஆனாலும் என்னிடம்தான் வருவார்கள். தனியே பார்க்கப் பயம். ஒரு மரணச் செய்தியை ஆராவது கூட இருக்கும்போது கேட்க வேண்டும் என்பது போல. நான் யாருடைய முடிவையும் சத்தமாக வாசிப்பதில்லை. திரையைப் பிள்ளையின் பக்கம் திருப்பிவிட்டு நான் வேறெங்கோ பார்ப்பேன். வருடக்கணக்காக அந்த ஒழுங்கையின் எதிர்ச்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சுவரின் ஒவ்வொரு வெடிப்பும் எனக்குத் தெரியும்.

இடையில் ஒரு நிமிடம் கிடைத்தபோது மகளின் பரீட்சைச் சுட்டெண்ணை அடித்தேன். திரையைத் திருப்பிக் காட்ட அவள் அங்கே இருக்கவில்லை. தமிழ் ஏ. இலக்கியம் ஏ. சமயம் ஏ. வரலாறும் சுகாதாரமும் பீ. ஆங்கிலமும் வணிகமும் சீ. விஞ்ஞானம் எஸ். கணிதம் டபிள்யூ.

வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நல்ல எழுத்துகளை முதலில் அடுக்கினேன். அவள் நடுவில் மறித்து, கணக்கு என்ன என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “சரி அம்மா” என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நிமிடம் சேர் எடுத்தார். மற்ற ரியூசன்காரர்கள் அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம், நாலு மணிக்குள் போக வேண்டும் என்று பறந்தார். மூன்று பிள்ளைகளுக்கு ஒன்பது, இரண்டு பேருக்கு எட்டு. எழுதிக்கொண்டேன். மகளைப் பற்றிக் கேட்டார். கணக்குப் போய்விட்டது என்றேன். பிறகு, “பரவாயில்லை அக்கா. அப்ப அவவை எடுத்துவிடுங்கோ” என்றார்.

எடுத்துவிடத்தான் கோப்பைத் திறந்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் இரண்டு ஒன்பதை எட்டாக மாற்றினேன். அந்த நேரம் ஒரு தாய் பரீட்சை அனுமதி அட்டையை என் விசைப்பலகைக்கு மேலேயே வைத்தார். அவருக்குப் பார்த்துக் கொடுத்தேன். அவர் மகன் பாஸ். அவர் அழுதார், நான் தண்ணீர் கொடுத்தேன், அதற்குள் அடுத்தவர். திரும்பி வந்து பனரை ஒருமுறை பார்த்தேன், அச்சகத்துக்கு அனுப்பினேன். எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆறாவது முகத்தை எடுத்திருந்தால் கீழ்வரிசையில் மிஞ்சிய இரண்டையும் நடுவுக்கு நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தாததை யோசித்திருந்தாலே பிடிபட்டிருக்கும். ஆனால் ஒரு மாதமாகப் பார்த்துப் பழகிய முகம். அது அங்கே இருப்பது என் கண்ணுக்குச் சரியாகவே பட்டிருக்கிறது.

வீட்டுக்குப் போனபோது மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிடவில்லை. உயர்தர வகுப்புக்கான அனுமதிப் படிவத்தை அடுத்த புதன்கிழமைக்குள் பாடசாலையில் கொடுக்க வேண்டும். கணக்கு இல்லாத பிள்ளைகளையும் கலைப்பிரிவில் சேர்த்து, கணக்கைத் திரும்ப எழுதச் சொல்வதை நான் அந்தப் பாடசாலையில் கண்டிருக்கிறேன். அவர்களின் படிவங்களைக்கூட நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடியே, தான் இனிப் பள்ளிக்கூடம் போகப்போவதில்லை, நிலாவெளியில் ஏதாவது ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் வேலைக்குப் போக ஆசைப்பட்டு அதைச் சொல்லவில்லை. சந்தியில் இறங்கி நடக்க வெட்கப்பட்டுச் சொன்னாள். புதன்கிழமை தாண்டினால் அந்த வெட்கமே முடிவாகிவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்து அரைமணி நேரம் இராது, என் கணவரின் ஓட்டோ வந்து நின்றது. அவர் துறைமுகப் பக்கத்து ஸ்ராண்டில் ஓட்டோ ஓடுகிறவர். அந்நேரத்தில் கடைப்பக்கம் வருகிறவரே அல்ல. இறங்கி வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். ஸ்ராண்டில் இருந்தவர்கள் எல்லாரும் கையைக் குலுக்கினார்களாம், தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கித் தரச்சொல்லி அவரைக் கடைக்கு இழுத்துப் போனார்களாம்.

“இஞ்சேரும், பிள்ளைக்கு ஒன்பது ஏயாமே. நீர் ஏன் எனக்குப் பொய் சொன்னனீர்?”

நான் பொய் சொல்லவில்லை, கணக்கில் டபிள்யூதான் என்றேன்.

“பனரில போட்டுக் கிடக்கு. நான் என்ர கண்ணால பாத்தனான்.”

அவர் என்னை நம்பவில்லை. பனரை நம்பினார். அதைச் செய்தவளே அவர் முன்னால் கதிரையில் இருக்கிறேன், அதைத்தான் நம்பினார். இரண்டாம் தரமும் சொன்னேன். என்னை வருத்தியது அவர் கோபம் அல்ல, அவர் கோபப்படவே இல்லை. அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை நான் இருந்து பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில், “ரோல்ஸ் வாங்கிக் குடுத்திட்டனே” என்றார். அவருக்குச் சொல்ல அதுதான் வந்தது.

இருவருமாகச் சந்திக்குப் போனோம். கச்சான் காற்று அள்ளி அடிக்கிற காலம். பனர் கிழியாமலிருக்க அச்சகத்துப் பொடியன்கள் அதில் அங்கங்கே பிறை போல வெட்டி விட்டிருந்தார்கள். காற்று வரும்போதெல்லாம் அந்தப் பிறைகள் திறந்து மூடின. கீழ்வரிசையில் மூன்றாவதாக என் மகள், நீல உடுப்பில், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒன்பது ஏ. பனருக்குக் கீழே, எங்கள் டவுனுக்குள் திரிகிற மான்களில் இரண்டு யாரோ எறிந்த சாப்பாட்டுத் தாளை மென்றுகொண்டு நின்றன. ஊர் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

நான் போனில் கூப்பிட, சேர் மோட்டார் சைக்கிளில் வந்தார். உடனே கழற்றச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிறும் திங்களும் புது வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாட்கள், புதிதாக அடிக்க அச்சகத்தில் இடமில்லை, செவ்வாய்க்கு முன் ஏலாது என்றார். வேண்டுமானால் மகளின் முகத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு ஒட்டுப் போட்டுவிடலாம். “ஒரு முகம் கூடினதில ஆருக்கும் நட்டமில்லை அக்கா” என்றும் சொன்னார். எனக்கு மனிதர்கள் சொல்லும் வார்த்தைகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் உண்டு. கடையில் கேட்பதை இரவில் கணவருக்குச் சொல்லிச் சிரிப்பேன். அந்த வார்த்தையை மட்டும் நான் இன்றைக்கும் யாரிடமும் சொல்லிச் சிரித்ததில்லை.

வேறு யாரும் சொல்வதற்கு முன் மகளிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை ஒரு மாதம் முன்பே போட்டதையும், தினமும் திறந்து பார்த்ததையும்கூட. ஏன் அதைச் சொன்னேனென்று தெரியவில்லை. அவள் கத்துவாள் என்று நின்றேன். அவள் கேட்டது, “எந்தப் படம்?”

நீல உடுப்புப் படம் என்றேன்.

“அதில என்ர பல்லுத் தெரியுமே அம்மா.”

வெள்ளை ஒட்டுப் போடலாம் என்று சேர் சொன்னதைச் சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒட்டாதேங்கோ. வெள்ளையா ஒரு முகம் கிடந்தா, அது ஆரெண்டு எல்லாரும் நிண்டு பாப்பினம்.”

திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயிலுக்கு வரவில்லை. நானும் கணவரும் போனோம். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பாடற்குழுவில் பாடுகிற ஒரு அக்கா என் இரண்டு கையையும் பிடித்து, படிக்க வழியில்லாமல் போன தாய்க்கு ஆண்டவர் பிள்ளையின் கையால் கொடுத்துவிட்டார் என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். சுற்றி ஏழெட்டுப் பேர். வெயில் வேறு. நான் “ஓம்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் அதை மகளிடம் சொல்லிவிட்டார். குற்றம் சொல்லவில்லை, செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். மகள் எழுந்து இருந்து என்னைப் பார்த்தாள்.

“ஏன் ஓம் எண்டனீங்கள்?”

“இல்லை எண்டு சொல்லக் களைப்பா இருந்தது, பிள்ளை.”

அது பொய்யில்லை. அதைவிட உண்மையான காரணம் ஒன்று இருந்தது. அதையும் அவள் கண்டிருப்பாள். அந்த ‘ஓம்’ சொன்ன ஒரு கணம் எனக்கு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை அவளைத் தனியே வீட்டில் விட மனமில்லாமல் கடைக்குக் கூட்டிவந்தேன். போட்டோகொப்பி இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கதிரையில் வாசலுக்கு முதுகு காட்டி இருந்தாள். நான் சொல்லாமலே கடதாசிகளை அடுக்கித் தந்தாள். பத்து மணிபோல ஒரு பெண் வந்தார். கிண்ணியாக்காரர், இப்போது டவுனில் வாடகைக்கு இருக்கிறவர், முன்பும் இரண்டொரு தரம் படிவம் நிரப்ப வந்திருக்கிறார். கூடவே ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள், கையில் ஒரு கணக்குக் கொப்பி. சந்தியில் பனரைப் பார்த்தாராம். அந்த நீல உடுப்புப் பிள்ளை இந்தக் கடைக்காரரின் மகள் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்களாம். தன் மகளுக்குப் பின்னேரங்களில் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவளுக்கு நேரமில்லை என்று ஏதாவது சொல்லியிருப்பேன். இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கதிரை நகர்கிற சத்தம் கேட்டது.

“அன்ரி, அந்தப் பனர் பிழை. எனக்குக் கணக்கில டபிள்யூ.”

அந்தப் பெண் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அப்ப தமிழுக்கு என்ன, மகள்?”

“ஏ.”

“இலக்கியம்?”

“அதுவும் ஏ.”

“அப்ப தமிழச் சொல்லிக் குடுங்க. என்ட புள்ளக்கி ஒரு கட்டுரை எழுத வராது. கணக்குக்கு வேற ஆளப் பாக்குறன்.”

கத்தரிக்காய் முடிந்துவிட்டது என்றால் வெண்டிக்காயை நிறுத்துத் தா என்பது போலச் சொன்னார். வருத்தப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பனர் எப்படிப் பிழையானது என்று கூடக் கேட்கவில்லை. மகள், தனக்குச் சொல்லிக் கொடுத்துப் பழக்கமில்லை, வருமோ தெரியாது என்று இழுத்தாள். வராவிட்டால் நிற்பாட்டிவிடலாம், பார்ப்போம் என்றார் அந்தப் பெண். செவ்வாய் பின்னேரம் முதல் வரலாம் என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். கொப்பியை வைத்திருந்த சின்னப் பிள்ளை மட்டும் கட்டுரை என்றதும் முகத்தைச் சுளித்தது.

அவர்கள் போனபிறகு மகள் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ ஒண்டும் நினைக்கேல்லை அம்மா” என்றாள். அதை இரண்டு தரம் சொன்னாள்.

அன்று அவள் பிறகு இயந்திரத்துக்குப் பின்னால் போகவில்லை. பனரைப் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லாருக்கும் அவளே சொன்னாள். முதல் இரண்டு பேருக்குச் சொல்லும்போது காது சிவந்தது. மூன்றாவது, இறக்கக்கண்டியிலிருந்து மீன் கொண்டுவந்து ஒழுங்கைகளில் விற்கும் அம்மா. அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, டபிள்யூ என்றால் எத்தனையாவது எழுத்து என்று கேட்டார். கடைசிக்குக் கிட்ட என்றாள் மகள். தன் பெயரை எழுதவே நாலு எழுத்துத்தான் தெரியும், கடைசிக்குக் கிட்டப் போனவள் கனதூரம் போனவள்தானே என்றார் அவர். மகள் சிரித்துவிட்டாள். அந்த வார்த்தையை நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பின்னேரம் ஸ்ராண்டிலிருந்து கணவரின் கூட்டாளி ஒருவர் வந்தார். அவரிடமும் சொன்னாள். தின்ற ரோல்ஸைத் திருப்பித் தர ஏலாது, அடுத்த முறை கணக்குப் பாஸ் பண்ணினால் அதில் கழித்துக்கொள்வோம் என்றார். கோயில் அக்காவைத் தெருவில் கண்டு அவளே போய்ச் சொன்னாளாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவுக்குச் சுகமில்லையா என்று மட்டும் கேட்டார் என்றாள். அந்த வாரம் முழுக்க நான் அந்த அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தேன்.

செவ்வாய் மாலை சேர் ஐந்து முகத்தோடு புதுப் பனர் மாட்டினார். அதற்குள் மகள் எத்தனை பேரிடம் சொன்னாள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் கடைசியாகச் சொன்னவருக்கு, மணி என்ன என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அந்த எழுத்துத் தேய்ந்துபோயிற்று.

நான் இதை எழுதுவதைப் பார்த்து, புள்ளிகள் ஒன்றுமில்லை என்று நான் சொல்லப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்படிச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அவர்கள் ஒன்பது ஏ எடுத்து எங்கேயோ நல்ல இடத்தில் இருப்பவர்கள். என் மேசைக்கு வருகிற படிவங்கள் அப்படிச் சொல்வதில்லை. துறைமுகத்தில் காவலாளி வேலைக்கும் ஒரு பெட்டி, தாதிப் பயிற்சிக்கும் ஒரு பெட்டி, கணிதம் என்று எழுதி அதற்கு நேரே ஒரு வெறுமை. அந்த வெறுமையில் கோடு போட்டுப் போட்டு என் கை அலுத்துவிட்டது. எழுத்து வேண்டும். பிள்ளைகளிடம் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எந்தக் கதவு எங்களுக்குத் திறக்கும், எதை இன்னொரு தரம் தட்ட வேண்டும் என்று சொல்கிற எழுத்து. அதை நான் மாலை போட்டு, பொன்னிறம் பூசி, பிள்ளையின் முகத்தோடு சேர்த்துத் தைத்துச் சந்தியில் தொங்கவிட்டேன். ஒரு வருடம் அல்ல, எத்தனையோ வருடம். எடுத்துவிட்ட முகங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவர்களும் ஏதோ ஒரு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள்.

புதன்கிழமை காலை மகள் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுமோ என்று பயம். கடையைத் திறக்காமல் அவளோடு பாடசாலைக்குப் போனேன்.

கந்தோரில் இருந்த எழுதுவினைஞர் அம்மா எங்களைக் கண்டதும் எழும்பியே விட்டார். பனரைப் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து பார்த்தாராம், புதிதாக மாட்டியதைப் பார்க்கவில்லை. “கெட்டிக்காரி. கணிதப் பிரிவுதானே?” என்று படிவத்தை எடுத்தார்.

“இல்லை மிஸ். கணக்கில டபிள்யூ. கலைப்பிரிவு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி இவளைப் பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டு பெறுபேற்றுத் தாளைப் பார்த்தார். எடுத்த படிவத்தை வைத்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து இன்னொன்றை எடுத்தார். அதில் ஒரு பக்கம் அதிகம். கணக்கைத் திரும்ப எழுதிச் சித்தியடைவேன் என்று பிள்ளையும் பெற்றோரும் ஒப்பமிட வேண்டிய பக்கம். அதிபர் பார்த்துத்தான் முடிவு சொல்லுவார், திங்கட்கிழமை வந்து கேளுங்கள் என்றார். சேர்த்துவிட்டோம் என்றும் சொல்லவில்லை, சேர்க்க மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

நான் பேனையை எடுத்தேன். ஊரிலுள்ள படிவம் எல்லாம் நிரப்புகிற கை, பழக்கத்தில் நீண்டுவிட்டது. மகள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாடங்களை வரிசையாக எழுதினாள். எனக்குக் கால் உளைந்தது. சுவரோரம் இருந்த வாங்கில் போய் இருந்து, அங்கிருந்தே அவள் முதுகைப் பார்த்தேன். பேனை எந்த இடத்திலும் நிற்கவில்லை. எது எந்தப் பாடத்துக்கான எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நிழல் இல்லை. காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. சேர் முதல்நாள் மாலை என்னிடம் வந்து, நடந்ததற்காக மகளைத் தன் வகுப்பில் திரும்பச் சேர்த்து ஒரு வருடம் காசில்லாமல் படிப்பிப்பதாகச் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல நல்ல நேரம் இதுதான் என்று நினைத்துச் சொன்னேன்.

அவள் முகத்தில் பட்ட மண்ணைத் துடைத்தாள்.

“வேண்டாம் அம்மா. அவர் கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு நல்லாப் படிப்பிப்பார். எனக்கு ஐஞ்சாம் வகுப்புக் கணக்கில இருந்து சொல்லித்தர ஒராளைப் பாருங்கோ.”

பார்க்கிறேன் என்றேன். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பே அவள் இதைத்தானே என்னிடம் கேட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ் வந்தது. இடம் இருக்கவில்லை. நின்றுகொண்டே போனோம்.